பதினெட்டு டிகிரியும் நிமிர்ந்த கதிரும்

அந்த வருஷங்களில் என் கைப்பேசிக்கு ஒரே ஒரு பயம்தான் தெரியும்: வெப்பம். அலுவலகத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பதினெட்டு டிகிரிக்கு மேல் இரண்டு டிகிரி ஏறினால் போதும், அலறும். சாப்பிட்ட கை காயும் முன், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து ஓடுவேன்.

ஆரணிப் பக்கம் அண்ணன் நெல் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலைதோறும் கூப்பிடுவார். இணையத்தில் வானிலையைத் திறந்து அவருக்குப் படித்துச் சொல்வேன். சொல்வதில் எனக்குப் பெருமை, இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரு மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் இறங்கிக் கிடந்தது.

"நட்டுடலாமாடா?"

திரையில் அடுத்த வாரம் முழுக்க மேகப் படங்கள். "மழை வருது. கொஞ்சம் பொறுண்ணா."

பொறுத்தார். மேகப் படங்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின, அதற்கடுத்த வாரத்துக்கும். தை முடியும்போது, இருந்த தண்ணீரை நம்பி நட்டார். பங்குனியில் பயிர் பூத்தபோது, சித்திரைக்கு உரிய வெயில் முன்பே வந்து வயலில் நின்றுகொண்டிருந்தது.

அறுப்புக்கு முன் அண்ணனே ரயிலேறி என்னிடம் வந்துவிட்டார், மஞ்சள் பையில் கதிர்களோடு.

"குனியவே இல்லடா. எல்லாம் பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்குது."

ஊரின் இன்னொரு பக்கம், தார்நாகாவில் எனக்குத் தெரிந்த பயிர் விஞ்ஞானி ஒருவரிடம் அண்ணனை அழைத்துப் போனேன், மதுரைக்கார அம்மா. ஒரு நெல்லை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"பூ தெறக்கிறதே காலைல ரெண்டு மணி நேரந்தாண்ணே. அந்நேரம் சூடு ஏறுச்சுன்னா மகரந்தம் பட்டுப்போகும், பால் பிடிக்காது. மூணு வாரம் முன்னாடி நட்டிருந்தீங்கன்னா தப்பிச்சிருக்கலாம்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

திரும்பும்போது என் வேலை இடத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று, இரும்பு அடுக்குகளில் மினுக்கும் பச்சை விளக்குகளைப் பார்த்தார். கதவிடுக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"பூக்கற பத்து நாளிக்கு, ரெண்டு ரெண்டு மணி நேரம், இந்தக் குளுரு கெடைச்சா போதுமேடா."

ரயிலேறும்போது, "அடுத்த நடவ பத்தி இப்ப கேக்காத" என்றார்.

ஞாயிறுகள் ஊமையாயின. விவசாயத்தையே விட்டுவிடுவாரோ? யாரும் கேட்காமலே தினமும் ஆரணியின் வெயிலைத் திறந்து பார்த்தேன், மூடினேன், திறந்தேன். கைப்பேசி அலறாத இரவுகளிலும் எழுந்து நடந்தேன்.

அடுத்த மார்கழியில் கூப்பிட்டார்.

"நாளிக்கு நடறேன். கெணத்துல இருக்கற தண்ணிக்குப் பாதிக் கழனிதான். மீதி சும்மா கெடக்கட்டும்."

"அண்ணா, மழை..."

"நீ படிக்காத. உன் ரூம்பு இன்னிக்கு எவ்ளோ?"

"பதினெட்டு."

"சரி. அப்பிடியே இருக்கட்டும்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால், கணக்குத் தீர்ந்தது என்று அன்று நான் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.