முட்டை ஏறிய கை

"முட்டை துன்னா உங்களுக்கு அலர்ஜி ஏதனா வருமா மேடம்?" என்று நர்ஸ் கேட்டபோது என் மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருப்பதியில் எங்களுடையது பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை பண்ணுவது, அதாவது படைப்பதற்குச் சமைப்பது, சித்தூரிலிருந்து மருமகளாக வந்த நாள் முதல் என் பொறுப்பு. வெங்காயம்கூட வாசற்படி ஏறாது.

"நாங்க முட்டையைத் தொடவே மாட்டோம். எதுக்குக் கேக்கறேள்?" என்றார் மாமியார்.

"இந்த டிரிப்ஸுல முட்டை மஞ்சக்கரு சத்து கீது பெரீம்மா. அதான் கேக்கச் சொல்லிக்கிறாங்க." பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள், சித்தூர்ப் பக்கம் குடிபாலா ஊரைச் சேர்ந்த அந்த நர்ஸ். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஐ.வி.எஃப். செய்து எனக்கு அதுவரை இரண்டு கரு தங்கி, இரண்டும் கலைந்திருந்தன. சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே கருவை அந்நியமென்று நினைத்து விரட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம் உண்டு, அதைத் தணிக்கத்தான் இந்த டிரிப்ஸ் என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். "இதைப் போட்டா தங்கும்னு நிரூபணம் எதுவும் இல்லைம்மா. யோசிச்சுச் சொல்லுங்க," என்றும் சொன்னார். நான் யோசிக்கவில்லை. மூன்றாவதும் போய்விடுமோ என்று குலை நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்? போடுங்கள் என்றேன்.

மாமியார் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். "எங்காத்துக் கருவை இவ உடம்பு ஏத்துக்கமாட்டேங்கறதாம்," என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுந்திரு. ஆத்துக்குப் போகலாம்," என்றார் இப்போது. கூட வந்திருந்த கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் என்ன இருந்ததோ! நான் கையை நீட்டினேன்.

"ஏத்துங்க சிஸ்டர்."

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது. "ரத்தத்துல முட்டை ஓடறது. இனிமே நீ அடுப்பாண்டை வரப்படாது."

மூன்றாவது முறை வைத்த கரு தங்கியது. கொண்டாடக்கூடத் தைரியமில்லாமல், வயிற்றில் கையை வைத்தபடியே நாட்களைத் தள்ளினேன். அப்புறம் அதுவும் போயிற்று. பாவி மனசு அதற்குள் பெயர்கூட யோசித்துவிட்டிருந்தது.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு மாமியிடம், உள்ளே படுத்திருந்த என் காதில் விழும்படியே மாமியார் சொன்னார்: "எல்லாம் அந்த முட்டை பண்ணின வேலை. பெருமாள் பொறுத்துப்பாரா?"

எழுந்து வெளியே வந்தேன்.

"ஏம்மா, முன்னாடி ரெண்டு போச்சே, அது எந்த முட்டையால போச்சு? அப்போ தினமும் இந்தக் கையால பண்ணினதைத்தானே உங்க பெருமாள் அமுது செஞ்சார்? என் உடம்பு யாரையும் விரட்டலை. இந்தாத்துல விரட்டறது நீங்கதான்."

மாமி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

தீட்டுக் கழிந்த அன்று தலைக்குக் குளித்தேன். மடிப்புடவை கட்டிக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குள் போனேன். அரிசி களைந்தேன், பருப்பு வேகவைத்தேன். மாமியார் நிலைப்படியில் நின்று, பெருமாளுக்குப் படைக்க உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். நான் வெண்கலப் பானையை இறக்கி, பெருமாள் எதிரில் கணவர் முன்னால் வைத்தேன்.

"மூணு குழந்தையைப் பறிகொடுத்தவ பண்ணின தளிகை. வேண்டாம்னா உங்கம்மா சொல்லவேண்டாம், நீங்களும் சொல்லவேண்டாம். பெருமாளே எங்கிட்ட நேரா சொல்லட்டும்."

கணவர் அம்மாவைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. மணியை எடுத்து அடித்தார்.