லோரி முதலாளிக்குப் புழுங்கல் சோறு

நல்லையா, சுப்பையனுக்கு எண்பது வெள்ளி கடன்பட்டிருந்தான். லோரி வாங்கக் குறைந்த பணத்துக்கு அவர் கொடுத்தது. சுதந்திரம் வந்த வருஷமே முடியப்போகிறது, ஒரு காசு திரும்பவில்லை.

சுப்பையன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டிய கையாலேயே தெங்கேராவில் மளிகைக்கடை போட்டவர், எவன் தயவும் இல்லாமல். இப்போது செமாபோக்கில் இன்னொரு கடை பேசியிருந்தார். மாசக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கடைக்குச் சொந்தக்காரச் சீனன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். அந்த எண்பதை வாங்கியே தீருவதென்று நல்லையா குடியிருந்த காஜா பேராங்குக்குச் சைக்கிளை மிதித்தார்.

நல்லையா கட்டிலில் கிடந்தான். கால் இரண்டும் பூசணிக்காய். தலைமாட்டில் சிவப்புச் சிவப்பாகச் சத்து மருந்துப் போத்தல்கள்.

"கால் மரத்துப்போச்சு அண்ணே. பிரேக்கை மிதிச்சா மிதிச்சதே தெரியல. லோரி ஓடினாத்தானே காசு?"

அவன் மனைவி பாக்கியலட்சுமி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "டாக்டர் ஊசி போட்டாருண்ணே. தீட்டின வெள்ளை அரிசிச் சோறே தின்னு வைட்டமின் பி இல்லாமப் போச்சாம். நெஞ்சுக்குப் பலமில்ல, ரத்தம் சரியா ஓடல, தண்ணி கால்ல எறங்கிருச்சாம். புழுங்கல் அரிசி, பருப்பு, கீரை சாப்பிடச் சொன்னாரு. இவரு தட்டையே தள்ளிவிடுறாரு."

"புழுங்கலா? தோட்டத்துல கூலியா இருந்தப்ப தின்னது போதாதா? நான் லோரி முதலாளி!"

"எவன் காசுல முதலாளி?" என்றார் சுப்பையன். "இந்தச் சிவப்புத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்து, வண்டியாவது நல்லா ஓடும்."

மறுநாள் ஒரு மூட்டைப் புழுங்கல் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து இறக்கினார்.

"பாசம்னு நெனைச்சுக்காதே. நீ செத்தா எண்பது வெள்ளியை எவன்கிட்டக் கேக்கிறது? தின்னு."

தினம் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்தார். பச்சைப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு காவல் வேண்டாம். மீசை வைத்த தடியனுக்கு வேண்டியிருந்தது.

"கீரையை ஏன்டா ஒதுக்குற? என் காசு அதுலதான் இருக்கு."

"சனியனே" என்று முனகிக்கொண்டே நல்லையா அள்ளி விழுங்கினான்.

வீக்கம் வடிந்தது. பாதத்தில் உணர்ச்சி வந்தது. புக்கிட் காதிலுக்கு மணல் ஏற்ற ஆரம்பித்தான்.

மாசக் கடைசிக்கு முதல்நாள் லோரி தெங்கேராக் கடை வாசலில் வந்து நின்றது. நல்லையா தானே குதித்து இறங்கி, எண்பதை நீட்டினான்.

"எண்பத்தாறு" என்றார் சுப்பையன், கையை விரித்தபடி. "அரிசி என்ன வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

நல்லையா அவரை முறைத்தான். பிறகு சட்டைப்பையைத் துழாவி, அந்த விரித்த உள்ளங்கையில் எண்பதின்மேல் ஆறு வெள்ளியையும் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தான்.