இரண்டு தட்டு இஞ்சி பிஸ்கட்

ஓவன் கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே மாவு உப்பி வருவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சட்டைப்பையில் எந்நேரமும் வெப்பமானி. பட்டறையில் அவரை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், படித்து வாங்கியதல்ல. “ஊரையெல்லாம் குளிர வைக்கிற மனுஷன், வீட்டை மட்டும் அனலா வச்சிருக்காரு” என்பது மனைவியின் அங்கலாய்ப்பு.

எல்லாம் அம்மாவின் இஞ்சி பிஸ்கட்டுக்காக. அம்மா யாருக்கும் அளவு சொன்னதில்லை. “கண்ணு பார்த்தா கை செய்யும்” என்பதோடு சரி. அம்மா காலமான பிறகு டிகிரி ஆராய்ச்சியில் இறங்கினார். பச்சை இஞ்சியா சுக்கா, வெண்ணெயை உருக்குவதா குழைப்பதா? ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். “ரெண்டையும் மாத்திட்டா எதனால ருசி மாறுச்சுன்னு எப்படித் தெரியும்?” பழுதுபார்க்கிறவரின் புத்தி. வேகாததும் கருகியதும் அக்கம்பக்கத்துக்குப் போயின. அவர் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

மணம் பிடிபட்டுவிட்டது. பதத்தில்தான் தகராறு. “மெத்துனு இருக்கும்டா, வாயில வச்சா கரையும்” என்றாள் அக்கா. “கடிச்சா சத்தம் கேக்கும்ணா” என்றான் தம்பி. மூவரும் சேர்ந்து பேசிய போனில் பேச்சு தடித்தது. “கல்யாணமாகிப் போனவளுக்கு என்ன தெரியும்? கடைசி வரைக்கும் அம்மாகூட இருந்தவன் நான்” என்று தம்பி சொல்லிவிட, அக்கா போனை வைத்துவிட்டாள். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

டிகிரிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த அம்மாவின் பழைய ஓவனைத் தூக்கி வந்து, ஒயர் மாற்றி, உள்ளே மேலும் கீழும் வெப்பம் பார்த்தார். மேலடுக்கில் அனல் பறந்தது, கீழடுக்கு மந்தம். ஒரே மாவை இரண்டு தட்டில் பரப்பி உள்ளே தள்ளினார். மேலே வெந்தது மொறுமொறுவென்று வந்தது. கீழே வெந்தது விரல் பட்டாலே அமுங்கியது.

அக்கா வருவதைத் தம்பிக்கோ, தம்பி வருவதை அக்காவுக்கோ சொல்லாமல் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் ஆளுக்கொரு தட்டு வைத்தார். அக்கா ஒரு வாய் கடித்தாள், கண் நிறைந்துவிட்டது. தம்பி கடித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே மாவு, ஒரே ஓவன். அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரி அம்மா மேலயும் கீழயும் வச்சுச் சுட்டிருக்காங்க” என்றார் டிகிரி.

தம்பி தன் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினான். “இதையும் தின்னு பாருக்கா.”

அக்கா மூக்கை உறிஞ்சியபடி டிகிரி பக்கம் திரும்பினாள். “உன்னுது எங்கடா?”

“எனக்கென்ன, எதைக் குடுத்தாலும் திம்பேன்.”

“அட மறதிக்காரா! அம்மா சுட்டு எடுத்ததும், ‘வெந்திருக்கா பாரு’ன்னு உன்னைத்தானேடா கூப்பிடுவாங்க. ஆறட்டும்னு நாங்க நிப்போம். சூட்டோட சூடா முதல் பிஸ்கட் உனக்குத்தான்.”

டிகிரி எழுந்து உள்ளே போனார். ஓவனிலிருந்து அடுத்த தட்டை இழுத்து, ஒன்றை எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதி, ஆறுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார்.