நேர்க்கோட்டம்மாவும் அரை மில்லிமீட்டரும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சன்னலோர மேசையில், இருபத்தாறு வருடங்களாக லென்ஸ் பொருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்குக் கடையில் வைத்த பெயர் நேர்க்கோட்டம்மா. சிலருடைய கண்ணுக்கு லென்ஸை இத்தனை டிகிரி சாய்வில்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பார். அதில் கொஞ்சம் பிசகினாலும் போட்டவருக்குத் தலைவலிதான். அப்படிப் பிசகிய கண்ணாடி ஒன்றுகூட அவள் மேசையிலிருந்து வெளியே போனதில்லை.

பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை கடையோடு நிற்கவில்லையே! வீட்டுக் காலண்டர், அடுத்த வீட்டுக் காலண்டர், பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலர் என்று எது கோணலாக இருந்தாலும் அவள் விரல் தானாக நீளும். ஒருமுறை டாக்டர் அறைச் சுவரில் சாய்ந்து தொங்கிய சான்றிதழை நேராக்கப் போக, அது ஆணியோடு கையில் வந்துவிட்டது. "உன்னைக் கூட்டிட்டு எங்கயும் போக முடியல" என்று தலையில் அடித்துக்கொண்டார் கணவர்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டிலேயே பதினோரு வருடங்களாக ஒன்று கோணலாகக் கிடந்தது. அதை மட்டும் அவளால் நிமிர்த்த முடியவில்லை.

அவளுடைய அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நான்காம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அந்த அடி ஆறுவதற்குள் தம்பி கிரேன் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான். அதுவும் சாதாரண கிரேனா? வானத்தில் கொக்குபோல் நிற்கும் கோபுரக் கிரேன்! "உங்கப்பன் போன வழியிலயே போறியா? நீ கீழ இறங்குற வரைக்கும் என் முகத்துல முழிக்காத" என்றாள் அம்மா. அன்றிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்தால் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். முதுகையே எத்தனை நாள் பார்ப்பான் அவன்? வருவதை நிறுத்திக்கொண்டான்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா மகள் வீட்டு முன்னறைக் கட்டிலோடு ஆகி இரண்டு வருடம். இந்த நிலையில்தான் செய்தி வந்தது: தம்பி வெளிநாட்டில் கிரேன் ஓட்ட ஒப்பந்தம் போட்டுவிட்டான், மூன்று வருடத்துக்குத் திரும்ப மாட்டான். நேர்க்கோட்டம்மா அதைச் சொன்னபோது அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவன் உக்கார்ற எடத்துல சுவரு இருக்கா?"

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு வருடங்களாக அம்மாவின் மனக்கண்ணில் அவன் ஒரு இரும்புக் கம்பியின்மேல், காற்றில், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான்!

"ரூமே இருக்கும்மா. கண்ணாடி போட்ட ரூமு" என்று தம்பி அனுப்பியிருந்த படத்தைப் போனில் காட்டினாள்.

"உள்ள எடுத்த படத்த எந்த ரூம்லயும் எடுக்கலாம். எனக்கு உசரமும் தெரியணும், ரூமும் தெரியணும், உள்ள அவனும் தெரியணும்."

தம்பியின் கிரேன் நின்ற தெருவுக்கே போய்ப் போனில் எடுத்துப் பார்த்தாள். கிரேன் வந்தது, தம்பி ஒரு புள்ளி. "இது ஈயா?" என்றாள் அம்மா.

இங்கேதான் அந்தச் சனியன் பிடித்த வளையம் கதைக்குள் வருகிறது.

நேர்க்கோட்டம்மாவின் மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச் சென்ற மிரர்லெஸ் கேமரா ஒன்று அலமாரியில் இருந்தது. தம்பி எப்போதோ பழைய சாமான் சந்தையில் பைனாகுலர் என்று நினைத்து வாங்கிக் கொடுத்த நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தது. தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் அருமையான பழைய லென்ஸ். இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். பழைய கேமராக்களுக்குள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி இருக்கும். அதற்கு இடம் விட்டு லென்ஸ் தள்ளி உட்காரும். புதிய கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. அதனால் பழைய லென்ஸை அதே பழைய தூரத்தில் தள்ளி நிறுத்த வளையம்போல ஒரு வெற்றுக் குழாய். அவ்வளவுதான் அடாப்டர்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே! காத்தைப் பொட்டலம் கட்டி விக்கிறானா?" என்றார் கணவர்.

அவளா ஏமாறுகிறவள்? கடையிலிருந்து அளவுகோலை எடுத்து வந்து லென்ஸின் பின்பக்க மரையை அளந்தாள். அச்சாக நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். நாற்பத்திரண்டு என்று போட்ட வளையத்தை வரவழைத்தாள். ஒன்றரைச் சுற்று அழகாகப் போனது. அப்புறம் நகரவே இல்லை. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கணவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று துணி சுற்றி முறுக்கி மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விற்றவர் பழைய லென்ஸ் கடைக்காரர், வெளியூர். போனில்தான் பேச்சு. அவர் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "பொறுமையா கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதைக் கேட்டதுமே இருக்கிற பொறுமையும் போய்விடும்.

"பொறுமையா கேளுங்கம்மா. நீங்க வாங்கினது டெலஸ்கோப்புக்குப் போடுறது. அகலம் ஒண்ணுதான். மரை நெருக்கம் வேற. மரைய அளந்தீங்களா?"

"அகலத்த அளந்தேன்."

"மரைய?"

அளக்கவில்லை. அதை எப்படி அவரிடம் ஒப்புக்கொள்வது? "சரியானத அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது வளையம் வெண்ணெய்போல் ஏறியது. ஆனால் பொத்தானை அமுக்கினால் கேமரா படமே எடுக்கவில்லை. "லென்ஸைச் சரியாகப் பொருத்தவும்" என்று திரையில் எழுத்து. கழற்றி மாட்டினாள், துடைத்து மாட்டினாள், ஊதி மாட்டினாள். மறுபடி போன். அன்றைக்கு அவள் பேசிய பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தினார்.

"பொறுமையா கேளுங்கம்மா. பழைய லென்ஸ் கேமராவோட பேசாது. லென்ஸே இல்லன்னுதான் கேமரா நினைச்சுக்கும். லென்ஸ் இல்லாட்டியும் படம் எடுன்னு உள்ள ஒரு செட்டிங் இருக்கு, அதப் போடுங்க."

"இத முதல்லயே சொன்னா என்ன சார்?"

"சொல்ல விட்டாத்தானேம்மா!"

படம் விழுந்தது. ஆனால் அப்போதுதான் அவள் கண் அதைக் கண்டது. லென்ஸ் முழுவதும் இறுகியபின் தூரத்தைக் காட்டும் எண்களும், நடுக்கோடும், கடைசியில் முடிவில்லாத் தூரத்துக்கான, படுத்துக் கிடக்கும் எட்டுபோன்ற குறியும் மேலே வராமல் அடியில் போய் நின்றன. தலைகீழ்! படத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நேர்க்கோட்டம்மாவால் விட முடியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒரு வளையம் வெட்டினாள். கனத்தை அளந்தாள்: அரை மில்லிமீட்டர். லென்ஸுக்கும் அடாப்டருக்கும் நடுவில் வைத்து முறுக்கினாள். கணக்காக அரைச் சுற்றுக்கு முன்பே இறுகி, கோடு உச்சியில் வந்து நின்றது.

"பாருங்க!" என்றாள். கணவரைப் படம் எடுத்தாள், மீசையில் ஒவ்வொரு நரையும் தெரிந்தது. கட்டிலில் அம்மாவை எடுத்தாள், தலையணை உறையின் நூல்கூடத் தெரிந்தது.

"ஜெயிச்சுட்டே" என்றார் கணவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

சனிக்கிழமை வந்தது. அன்று பன்னிரண்டு மணிக்குக் கிரேனைப் பிரிக்க ஆரம்பிக்கிறார்கள். விமானம் ஏறும் ஊருக்குப் போக மாலை ஏழு மணிக்குத் தம்பிக்கு ரயில். பதினொன்றரைக்கு அவள் எதிர்க்கட்டடத்தின் கார் நிறுத்தும் மொட்டை மாடியில் நின்றாள். தம்பியின் கூண்டு நேரெதிரே, நூறு மீட்டர்கூட இருக்காது. கேமராவைத் தூக்கினாள். திரையில் கிரேன் பெரிதாக வந்தது. வந்தது, ஆனால் சோப்பு நுரைக்குள் வைத்ததுபோல் வந்தது. லென்ஸின் தூர வளையத்தைத் திருகினாள். படுத்துக் கிடந்த எட்டு உச்சிக்கோட்டில் முட்டி நின்றது. அதற்குமேல் போகாது. நுரை அப்படியே இருந்தது.

தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, ஆச்சா? கீழ சூப்பர்வைசர் கத்துறாரு."

"இருடா! அசையாம உக்காரு."

"கையாட்டவா?"

"எதையும் ஆட்டாத!"

 போனில் காற்றின் இரைச்சலுக்கு நடுவே கேட்டான்: "அக்கா... அம்மா பாப்பாங்களா?"

அவளுக்குக் கண் கலங்கியது. ஏற்கெனவே மங்கலாக இருந்த திரை இன்னும் மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"சார், நீங்க நல்லா இருப்பீங்களா? கடைசியா ஒரு குப்பைய என் தலையில கட்டிட்டீங்களே! ஒரு தாய் வயித்தெரிச்சல்..."

"பொறுமையா கேளுங்கம்மா. கிட்ட எடுத்தா தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"தூரம் மட்டும் மங்கலா?"

"ஆமா!"

"அப்ப லென்ஸ் இருக்க வேண்டிய எடத்த விட்டு முன்னால தள்ளி நிக்குது. தள்ளி நின்னா தூரம் கிடைக்காது. நடுவுல ஏதாவது வச்சீங்களா?"

அவள் விரல் லென்ஸும் அடாப்டரும் சேரும் இடத்தைத் தடவியது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"ஒரு... சின்ன வாஷர். கோடு மேல வரணும்னு."

"எவ்ளோ கனம்?"

"அரை மில்லி."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கண்ணாடி மூக்கில் கொஞ்சம் கீழே இறங்கினாலே பார்வை மாறும் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள்! "ஏறிப் போடுங்க, ஏறிப் போடுங்க" என்று எத்தனை மூக்குகளைத் தள்ளியிருப்பாள்! இருபத்தாறு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு தன் கையாலேயே தம்பியை நுரைக்குள் அமுக்கியிருக்கிறாள்.

"கோடு மேல வரணும்னா, அடாப்டர் ஓரத்துல மூணு குட்டி ஸ்க்ரூ இருக்கு பாருங்க, அத இளக்கித் திருப்பினா போதுமே..."

தினம் முந்நூறு குட்டி ஸ்க்ரூ முடுக்குகிறவளிடம் சொல்கிறார்! அவள் போனை வைத்தாள். மணி பதினொன்று ஐம்பது. எதிரே ஆட்கள் கயிறும் கொக்கியுமாகக் கிரேனின் அடியில் கூடிவிட்டார்கள். லென்ஸைக் கழற்றி, பிளாஸ்டிக் வளையத்தை நகத்தால் நெம்பி மாடியிலிருந்தே விட்டெறிந்தாள். மறுபடி முறுக்கினாள். எண்கள் எல்லாம் தலைகீழாக அடியில் போய் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமல், கையால் தடவித் திருகினாள்.

நுரை விலகியது. இரும்புச் சட்டம் தெரிந்தது, ஆணி தெரிந்தது, கண்ணாடிக் கூண்டு தெரிந்தது. அதற்குள்ளே, அசையாமல், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த பிள்ளையைப் போல, அவள் தம்பி.

பத்துப் படம் எடுத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

வரும் வழியில் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி, தலையணை வைத்து நிமிர்த்தி, அவள் கண்ணாடியை மாட்டிவிட்டுப் படத்தைக் கையில் கொடுத்தாள். அம்மாவின் விரல் படத்தின்மேல் மெல்ல ஊர்ந்தது.

"இது கதவா?"

"கதவும்மா."

"தாழ்ப்பா உள்ள இருக்கா?"

"இருக்கு."

"நாற்காலி... சாய்ஞ்சு உக்காரலாம் போல இருக்கே. பின்னால வீடு, மரமெல்லாம் கீழ கெடக்கு. இவ்ளோ உசரமா?" விரல் தம்பியின் முகத்தில் போய் நின்றது. நெடுநேரம் நின்றது. "நரைச்சுப் போச்சு இவனுக்கு."

 திடீரென்று அம்மாவின் குரல் உயர்ந்தது.

"கண்ணாடியக் கோணலா போட்டிருக்கான் பாரு! ஊருக்கெல்லாம் நேரா மாட்டிவிடுற, கூடப்பொறந்தவன் கண்ணாடிய கவனிக்க மாட்டியா?"

"அவன் வீட்டுக்கு வந்தாத்தானே நான் பாக்க முடியும்?"

"வரச் சொல்லு. போற எடத்துல கோணல் கண்ணாடியப் போட்டுட்டுத் தலைவலியோட கிரேன் ஓட்டுவானா?"

நேர்க்கோட்டம்மா போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"நான்தான்டா. கீழ இறங்கிட்டியா? இறங்கிட்டா நேரா இங்க வா."

நான்கு மணிக்கு அவன் பெட்டியோடு வாசலில் நின்றான். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவன் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நேர்க்கோட்டம்மா அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். இருபத்தாறு வருடங்களில் நடக்காதது அன்று நடந்தது. குட்டி ஸ்க்ரூ நழுவி விழுந்து உருண்டது.

"போச்சு! கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாதேக்கா" என்று தம்பி தரையில் தவழ்ந்தான். கணவர் தவழ்ந்தார். அவளும் தவழ்ந்தாள்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மா மேலேயிருந்து அதட்டினாள்.

"டேய், அங்க இல்லடா! கட்டில் கால்கிட்ட. இங்க வா... இன்னும் கிட்ட வா."