சாமுவேல் அண்ணன் வீட்டில் நான் செய்யாத ஜெபம்

உறையூரில் ஒரு சபைக்கு ஆறு வருடம் ஆயராக இருந்தேன். போன வருடம் கரூருக்கு மாற்றினார்கள். மாற்றலான ஆயர் பழைய சபைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். நானும் போகவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனதற்குக் காரணம், இப்போது அங்கே ஆயராக இருக்கும் கிரேஸ் போன் செய்ததுதான்.

"சாமுவேல் அண்ணன் ஆராதனைக்கு வர்றதே இல்லைங்க ஐயா. நாலு தடவை வீட்டுக்குப் போனேன். காப்பி குடுக்குறார், ஜெபம் மட்டும் வேணாங்கிறார். நீங்க ஒரு தடவை வாங்களேன்."

சாமுவேல் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கரூர் வந்த மூன்றாம் மாதம் அவர் மனைவி ரோஸி இறந்துபோனார். அன்று இங்கே ஒரு திருமணத்தை நடத்திவைக்க வேண்டியிருந்ததால் அடக்கத்துக்குப் போகவில்லை. பிறகு போன் செய்யவும் துணிச்சல் வரவில்லை.

காலை 7.10க்குக் கரூரில் பஸ். எண்பது கிலோமீட்டர், டிக்கெட் 65 ரூபாய். இடது பக்கம் உட்கார்ந்தால் குளித்தலைக்குப் பிறகு காவிரி கூடவே வரும். 9.20க்குத் திருச்சி சத்திரம் பஸ் நிலையம். அங்கிருந்து அண்ணன் வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ், பத்து ரூபாய். இறங்கியதும் ஆட்டோக்காரர் "கோயிலுக்குங்களா?" என்றார். "இல்லீங்க, தெரிஞ்சவரைப் பார்க்க" என்று நடந்தேன். எட்டு நிமிட நடை.

தெருமுனையில் கிரேஸ் ஸ்கூட்டரோடு நின்றார். சேர்ந்தே போனோம்.

சாமுவேல் அண்ணன் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"ரோஸி போனப்ப நீங்க வரலீங்களே ஐயா."

கல்யாணக் கதையைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியவில்லை. "வரலை அண்ணே. வந்திருக்கணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டி, "சரி, ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அந்த வார்த்தைக்காக ஒரு வருடம் ஏங்கியிருக்கிறேன். கைகள் தாமாகவே குவிந்தன. கிரேஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆயர் இவங்கதான் அண்ணே. ரோஸி அக்காவை அடக்கம் பண்ணினதும் இவங்கதான்" என்றேன்.

அவர் கிரேஸைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு என்ன படிச்சீங்கன்னு ஒண்ணுமே ஞாபகம் இல்லைம்மா. காதுல விழல. இன்னொரு தடவை படிக்கிறீங்களா?"

கிரேஸ் வேதாகமத்தைத் திறந்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்து ஜெபித்தார். நான் "ஆமென்" மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

"எட்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். "எட்டரைக்கு அண்ணே" என்றார் கிரேஸ். நேரத்தை மாற்றியது எனக்குத் தெரியாது.

இப்படிப் போக நினைக்கும் ஆயர்களுக்கு ஒன்று சொல்வேன். இப்போதைய ஆயரைக் கேட்காமல் போகாதீர்கள், முடிந்தால் அவரோடேயே போங்கள். திரும்பச் சத்திரத்தில் கரூர் பஸ் அடிக்கடி உண்டு. பழைய ஆலயத்தைப் பார்க்காமல் வந்துவிடுவது நல்லது.

நான் பார்க்கப் போனேன். உறையூரில் ஆலயத்தின் கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். உள்ளே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பெண் சபைக்குப் புதியவர் போல. "யாரைப் பாக்கணுங்க?" என்றார்.

"யாரையும் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.