கிளெண்டா அடுக்கிய பாறைகள்

இங்ஹாம் என்ற ஊரில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயிலை ஓட்டிய மெர்வ் ஹாலோரன் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் படகில் கால் வைத்தால் போதும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பவளத் திட்டைப் பார்க்க வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போனான். போகும்போதும் வரும்போதும் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்ததுதான் மிச்சம். அந்த ஆத்திரத்தில்தான் வீட்டுக் கூடத்தில் இவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்து மீனும் பவளமும் வளர்க்கிறான் என்று அவன் மனைவி கிளெண்டா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தொட்டிக்குள் ஒரு பாறையை வைக்க அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தண்ணீருக்குள் இறக்குவான். நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்ப்பான். திரும்ப எழுந்து வந்து தலைகீழாக வைப்பான். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வழி வேண்டும், மீன் ஒளிய பொந்து வேண்டும், வெளிச்சம் கேட்கிற பவளத்துக்கு உச்சியிலும் நிழல் கேட்கிறதற்கு அடியிலும் இடம் வேண்டும். முக்கியமாக, ஒரு பவளத்தின் இழை இன்னொரு பவளத்தின் மேல் படக்கூடாது. பட்டால் சுட்டே கொன்றுவிடும்.

"என்னைய இப்படி ஒரு நாளாவது உத்துப் பாத்திருக்கியா?" என்பாள் கிளெண்டா.

"நீ எங்க ஒரு எடத்துல நிக்கிற?" என்பான் மெர்வ்.

அவள் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்தவள். பாத்திரம் பண்டம் அடுக்குவதில் கெட்டிக்காரி. தொட்டிக்குள் மட்டும் ஒருநாளும் கை விட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே மெர்வைப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது: செவ்வாய்க்கிழமை. பசித்தாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான். சிலருக்கு இப்படி ஏதோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டுவிடும் என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

"தலையாட்டுறத வச்சும் முடிவு பண்ணாதீங்க. ஆமான்னு சொல்ல நெனச்சு இல்லைன்னு ஆட்டிடுவாரு. அவருக்கே அது தெரியாது."

"அப்ப நான் எத வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டாள் கிளெண்டா. அந்தப் பெண் அவள் தோளைத் தொட்டாள்.

தொட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்தினால் மெர்வ் சாயங்காலம் வரை அமைதியாக இருந்தான். அதற்காகவே தொட்டியைச் சாகவிடக்கூடாது என்று, உப்புக் கலப்பதையும் தண்ணீர் மாற்றுவதையும் அவள் கற்றுக்கொண்டாள். அவனோடு ரயில் ஓட்டிய சாந்தோதான் சொல்லிக் கொடுத்தான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டுக்குள்ளிருந்து மந்தமாக ஏதோ இடிந்த சத்தம் கேட்டது. ஓடினாள். தொட்டித் தண்ணீர் பால் போலக் கலங்கிக் கிடந்தது. மணல் தோண்டுகிற குட்டி மீன் ஒன்று, முட்டுக்கொடுத்து நின்ற பாறைக்கு அடியில் குடைந்துகொண்டே போயிருக்கிறது. அது சரிய, மேலே இருந்த பாறை வளைவு மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. உச்சியில் இருந்த, இழை நுனியெல்லாம் சுத்தியல் போல இருக்கும் சுத்தியல் பவளம், கீழே தட்டுப் போலப் பரந்திருந்த பச்சை மூளைப் பவளத்தின் மேலேயே விழுந்து கிடந்தது.

மெர்வ் இடது கையால் நாற்காலியை அடித்துக்கொண்டு கத்தினான். "செவ்வாக்கெழம! செவ்வாக்கெழம!"

"பாத்துட்டேன்பா, பாத்துட்டேன்!"

முழங்கைக்கு மேல் நனைய அவள் கையை விட்டாள். சுத்தியல் பவளத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அதற்குள் பச்சைப் பவளத்தில் வெந்துபோனது போல ஒரு வெளுத்த திட்டு விழுந்திருந்தது. சாந்தோவுக்குப் போன் போட்டாள். அவன் சமையல் செய்த கையோடு வந்து நின்றான், சட்டையில் தக்காளிக் கறையோடு.

"டேய் மெர்வ், இன்னைக்கி வியாழண்டா," என்றான், எப்போதும் போலக் கிண்டலாக. மெர்வ் சிரிக்கவில்லை.

கிளெண்டாவும் சாந்தோவும் அடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பாறையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். "செவ்வாக்கெழம!" என்று மெர்வ் அலறுவான். எடுத்து இந்தப் பக்கம் வைத்தால் அதற்கும் அலறுவான். இடது கையால் காட்டினான். அவன் விரல் காட்டிய இடத்தில் வைத்தால் அதுவும் இல்லை. கண்ணாடிக்குள் எந்த இடத்தைக் காட்டுகிறான் என்று யாரால் சொல்ல முடியும்?

கிளெண்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. மகளின் பிறந்தநாளில் எடுத்த படத்தில் பின்னால் தொட்டி தெரியும். செல்போனில் அதைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கி, அதில் இருந்தபடியே கல் கல்லாக அடுக்கினார்கள். முதுகு விட்டுப்போனது.

"இந்தா, உன் வீடு. போதுமா?" என்றாள்.

மெர்வ் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது. செல்போனைத் தட்டிவிட்டான்.

"பழையபடி வேணாங்கிறானோ? வேற மாதிரி மாத்தணும்னு நெனச்சுக்கிட்டிருந்தானோ?" என்றான் சாந்தோ.

"எனக்கென்ன தெரியும்? என்கிட்ட எங்க சொன்னான்?" என்றாள் கிளெண்டா. "கடவுளே, ஒரு வார்த்த குடேன் இவனுக்கு. கல்லுன்னாவது சொல்லட்டும்."

கடைசியில் மெர்வ் தானே எழுந்திருக்கப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இருவருமாக அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வலது கால் துணி மாதிரி தொங்கியது. கிளெண்டா ஒரு சின்னப் பாறையை எடுத்து அவன் இடது கையில் வைத்தாள். அவன் தண்ணீருக்குள் இறக்கினான். வளைவின் மேல் மெதுவாக வைத்து, கொஞ்சம் திருப்பி, விரலை விட்டான். அது உருண்டு மணலில் விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. பிடித்திருக்கும்போது அவன் கை ஆடவேயில்லை. விடுகிற அந்த நொடியில்தான் என்னவோ ஆகிவிடுகிறது. இன்னொரு தடவை கொடுத்தபோது அவன் விரலை மடக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தொட்டிக்குள் சொட்டியது. துடைத்துவிட அவளுக்குக் கை இல்லை. அவனைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

உட்கார வைத்த பிறகு அவன் எதற்கும் அலறவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. சரியாத மாதிரி, பெரிய கல் கீழே, சின்னக் கல் மேலே என்று கடையில் டப்பா அடுக்குகிற மாதிரி அடுக்கி முடித்தாள். பார்க்க நன்றாக இல்லை.

பச்சைப் பவளத்தின் வெளுத்த திட்டு நாளுக்கு நாள் பரவியது. சதை நார் நாராகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. வெளிச்சத்தைக் குறைத்தாள், தண்ணீர் ஓட்டத்தைத் திருப்பி வைத்தாள், வளர்ப்பு மீன் கடைக்காரர் கொடுத்த மருந்தில் முக்கினாள். எதுவும் கேட்கவில்லை. வெள்ளை எலும்பாக மிஞ்சிய அதை மெர்வ் தூங்கும்போது வெளியே எடுத்தாள். விழித்தவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டிய நான் கொண்டு போயிரட்டுமா?" என்று சாந்தோ கேட்டான். "பாக்கப் பாக்க அவனுக்கும் வேதன, உனக்கும் இடுப்பு போகுது."

"அவங்கிட்டயே கேளு."

சாந்தோ குனிந்து கேட்டான். மெர்வ் இடது கையை நீட்டித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கொண்டு போ என்கிறானா, விடமாட்டேன் என்கிறானா?

தொட்டி அங்கேயே இருக்கிறது. வாராவாரம் உப்புத் தண்ணீர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கிளெண்டா கூடத்துக்கும் குளியலறைக்கும் நடக்கிறாள். போகும்போதும் வரும்போதும் அவன் முகத்தைப் பார்க்கிறாள். தான் செய்வது சரியா தப்பா என்று அந்த முகத்தில் இன்றுவரை அவளால் படிக்க முடியவில்லை.