கொட்டின மண்

எங்கள் பக்கத்தில் மண் எல்லாம் ஒன்று இல்லை. மேட்டில் சரளை, ஆடு மேயத்தான் லாயக்கு. சரிவில் செம்மண், வேர்க்கடலை போடலாம். இன்னும் இறங்கினால் மணல் கலந்து வரும். ஏரிக்குக் கீழே பள்ளத்தில் கருங்களி. நெல் நன்றாக வரும், ஆனால் அதன்மேல் சுவர் எழுப்பினால் இரண்டு கோடையில் வெடித்துவிடும். இதெல்லாம் எனக்குக் காலாலேயே தெரியும். மனை வாங்குகிறவர்கள் என்னை ஒரு நடை கூப்பிடுவார்கள். சொன்னது தப்பியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

போன வருஷம் என் மகளே கூப்பிட்டாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை அவளுக்கு. அவள் பார்த்த மனை அந்தக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலேயே. அந்தப் பக்கம் நான் போய் ரொம்ப வருஷம். எங்கு பார்த்தாலும் காம்பவுண்டு சுவர், எது ஏரி எது மேடு என்றே புரியவில்லை. காலடியில் சரளை நறநறத்தது. மேட்டு மண், கண்ணை மூடிக்கொண்டு கட்டு என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பத்திரம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. உலை வைத்தேன், எழுந்தேன், தெருவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சரளைக்கு நடுவில் அங்கங்கே கோரை முளைத்திருந்ததே. ஈரக் களியில் வளர்கிற கோரைக்கு மேட்டில் என்ன வேலை? இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கடப்பாரையோடு அந்த மனையில் போய் நின்றேன். மனையை விற்றுத் தருகிற புரோக்கர் பைக்கில் வந்துவிட்டார்.

"இன்னா ஆயா, புதையலா?"

"கீதான்னு பாத்துக்கினு சொல்றேன், இரு."

முழங்கால் ஆழம் வரை சரளைதான். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதற்கும் கீழே கடப்பாரை சதக்கென்று இறங்கியது, இழுத்தால் வரவில்லை. வந்தபோது முனையில் கருங்களி. எந்த மேட்டையோ வெட்டி லாரியில் கொண்டுவந்து வயலில் கொட்டியிருக்கிறார்கள். புரோக்கர் அதன் பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஷிப்ட் முடிந்து வருகிறவரை கேட்டுக்கு எதிரே நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். வந்தவள் கையில் களியை வைத்தேன்.

"நான் சொன்னது தப்புடி."

அவள் அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். அங்கேயே புரோக்கரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு இடம் இன்னும் அமையவில்லை. இன்றைக்கும் நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகிறாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.